கரிமூட்டத்தின் மேல் வண்ணத்துப்பூச்சிகள்

பேய், பிசாசு, காத்துக் கருப்பு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். காட்டிலேயே கிடந்து கரி சுடுகிறவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? இதையும் நம்பச் சொல்லி யார் காலிலும் விழப்போவதில்லை. சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது, கேட்டவனெல்லாம் சிரித்தான், நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. பஸ்காரர்களுக்குக் கரி கொடுக்கக் காண்டிராக்ட் எடுத்த ஒருவனிடம் நானும் என் மனைவியின் அண்ணனும் வேலை பார்த்தோம். நார்த்தாமலைச் சரிவில் விறகை அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி மண் பூசி, உள்ளே தீ வைத்து நாள்கணக்கில் புகையவிட வேண்டும். கரிமூட்டம் என்பது அதுதான். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல்.

கிட்டத்தில் இருந்த மரமெல்லாம் தீர்ந்ததும், இரண்டு பாறைகளுக்கு நடுவே சுனை கசிகிற இடுக்கை வெட்டச் சொன்னான் காண்டிராக்டர். கோடையிலும் ஈரம் காயாத இடம், மரத்துக்கு மரம் கொடி ஏறிக் கிடக்கும். உள்ளங்கை அகல வண்ணத்துப்பூச்சிகள், மேல் இறக்கை கறுப்பு, கீழ் இறக்கை மஞ்சள், அந்தக் கொடியில்தான் முட்டையிடும், அந்த நிழலை விட்டு வெளியே வராது. திருச்சியிலிருந்து வந்த காலேஜ் வாத்தியார் ஒருவர், இது பெரிய மலைகளில் இருக்க வேண்டியது, இந்த மொட்டைப் பாறையில் எப்படிப் பிழைத்தது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றார். காண்டிராக்டருக்கு அது விறகு, எங்களுக்குக் கூலி. வெட்டினோம், கொடியோடு சேர்த்து அடுக்கி மூட்டம் போட்டோம்.

மூட்டம் புகைந்துகொண்டிருந்த ஒரு உச்சி வெயிலில் அந்த வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. மூட்டத்து மண்மேல் அடைஅடையாக உட்கார்ந்து இறக்கையை மூடிக்கொண்டன. கை வைத்தால் தோல் உரியும் சூடு, அந்தப் புகைக்கு ஈகூட அண்டாது. ஒன்றும் சாகவில்லை.

"பூச்சியெல்லாம் விருந்துக்கு வந்திருக்கு மாப்ளே. எலை போட்டுருவமா?" என்றார் மச்சான்.

அந்த நேரம் மூட்டத்து உச்சியில் மண் வெடித்துத் தீ எட்டிப் பார்த்தது. அடைப்பதற்கு ஈர மண்ணை அள்ளிக்கொண்டு கிளம்பினார்.

"செத்த பொறுங்க மச்சான். பலகைய எடுத்துட்டு வாரேன், அத மிதிச்சு ஏறுங்க."

"நீங்க அங்கிட்டுப் போயி வாரதுக்குள்ள சாம்பலாயிரும். அந்தக் காண்டிராக்டுப் பய நம்மளத்தான் அள்ளித் திங்கச் சொல்லுவான்."

ஏறினார். மண் உள்வாங்கி முழங்கால் வரை இறங்கிவிட்டார். கீழே இருந்தது முழுக்கக் கங்கு. கத்துவார் என்று நினைத்து ஓடினேன், கத்தவில்லை. திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"உள்ள தண்ணி கெடக்கு மாப்ளே. சில்லுன்னு இருக்கு."

அக்குளில் கை கொடுத்து இழுத்துப் போட்டேன். நம்பினால் நம்புங்கள், இரண்டு காலும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன, விரலிடுக்கில் பாசி, ஒரு மயிர்கூடக் கருகவில்லை. அவர் விழுந்த ஓட்டைக்குள் ஒரு குச்சியை விட்டேன், பற்றிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் ஒரு பூச்சியும் இல்லை. அதற்குப் பிறகு அந்த மலையில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

வேலைக்கு டிமிக்கி கொடுக்கக் கட்டிய கதை என்றான் காண்டிராக்டர். ஊர்க்காரர்கள் வந்து கற்பூரம் கொளுத்தினார்கள். ஒருவனும் மச்சான் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து முழங்காலுக்குக் கீழே சுனைக்கல் மாதிரி சில்லென்று கிடந்தது. சித்திரை வெயிலில் நீட்டி வைத்தாலும், என் மனைவி மணலை வறுத்து ஒத்தடம் கொடுத்தாலும் சூடேறவில்லை. பிறகு நடக்க முடியாமல் போய், சண்டை முடிந்த மறு வருஷம் காய்ச்சலில் செத்தார்.

பிணத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. நெஞ்சு குளிர்ந்திருந்தது, கை குளிர்ந்திருந்தது. கால் கொதித்தது. கட்டி முடிப்பதற்குள் என் வலது கைக் கட்டைவிரல் கொப்புளித்துவிட்டது. சீக்கிரம் தூக்குங்கப்பா என்று மட்டும் சொன்னேன்.

கொப்புளம் ஆறிவிட்டது. சுடுசோற்றில் கை வைத்தால் நான்கு விரல் சுடுகிறது, கட்டைவிரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. போன வாரம் தட்டை நீட்டும்போது என் மனைவியின் கை அந்த விரலில் பட்டது. அவள் எழுந்து போய் மணலை வறுக்க ஆரம்பித்தாள்.