ஓட்டிவிட்ட காட்சி

எங்கள் வீட்டில் ரிமோட் எப்போதும் என் கையில்தான். மகள் பள்ளியில் படித்தபோது ஏற்பட்ட பழக்கம். பின்னணி இசை மாறினாலே படுக்கையறைக் காட்சி வரப்போகிறது என்று தெரிந்துவிடும், ஓட்டிவிடுவேன். அந்த மகளுக்கு இன்று நாற்பதை நெருங்கும் வயது. பழக்கம் மட்டும் போகவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் மூவரும் படம் பார்த்தோம். காமமும் கொலையும் கலந்த கதை. என் மனைவிக்கு அந்த வகைப் படங்கள் பிடிக்கும். தெரியாததுபோல் இருந்தே காலத்தைக் கழித்துவிட்டேன்.

இத்தகைய படங்களில் கட்டிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இளசுகள். சிவந்த தோல், ஒட்டிய வயிறு. எங்கள் வயதுக்காரர்கள் பிணத்தைப் பார்த்து அலற மட்டும் வருவார்கள். இந்தப் படத்தில் கதாநாயகிக்கே அறுபதுக்கு மேல். கறுத்த, கனத்த உடம்பு. மருந்துக்கடை நடத்தும் விதவை. முழங்காலைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள். அவளைத் தேடி வந்தவன் குனிந்து அவள் செருப்பைக் கழற்றினான். என் மனைவி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நான் சிரித்தேன். "இந்த வயசுல கிழவிக்கு இது கேக்குதா?" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

நிறுத்தியபோது அவன் குளியலறையில் செத்துக் கிடந்தான். ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

"கைக்குப்பா ஓட்டுனீங்க? க்ளூவே அங்கதான் இருந்திருக்கும்," என்றாள் மகள். எங்கள் வீட்டு உருதுவில் 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு'.

"திருப்பிப் போடுங்க," என்றாள் மனைவி.

"அதுல என்ன இருக்கு பாக்க?"

"சின்னப் பொண்ணுங்கன்னா பாதி பாத்துட்டுதான் ஓட்டுவீங்க. இவள செருப்பு கழட்டும்போதே ஓட்டிட்டீங்க."

மகள் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. அவள் சொன்னது உண்மை. இன்னோர் உண்மையையும் எழுதிவிடுகிறேன். பல வருடங்களாக, அவள் கை என் மார்பின் மேல் விழும்போதெல்லாம், "பொண்ணு வீட்ல இருக்கா" என்று எடுத்து வைத்தவன் நான். மகள் பெங்களூரில் வேலை பார்த்த காலத்திலும் வேறு ஏதாவது சொன்னேன்.

அன்றிலிருந்து அவள் மகளின் அறையில் படுக்கிறாள். கேட்டால் என் குறட்டையைக் காரணம் சொல்கிறாள். என் குறட்டைக்கு எங்கள் கல்யாணத்தின் வயது.

சில வாரம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாதபோது அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தேன். இருவரும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அவள் முழங்காலுக்கு அவன் தைலம் தேய்க்கிறான். பேச்சுவாக்கில், அவள் கணவன் எப்படிச் செத்தான் என்பது அவன் வாயிலிருந்தே வந்துவிடுகிறது. இதைத்தான் நான் ஆபாசம் என்று நினைத்து ஓட்டியிருக்கிறேன். எரிச்சலாக வந்தது, படத்தின் மேல் அல்ல.

சாயங்காலம் மனைவி பால்கனியில் போனோடு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் படத்த முழுசா ஒரு தடவ சேர்ந்து பாப்பமா?" என்றேன்.

"நக்கோங்க, வேணாம். அன்னிக்கே போன்ல பாத்துட்டேன். யாரு கொன்னாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே உக்காந்து என்ன பாக்கறது?"

காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். வேறு ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து திரை தெரியவில்லை.