கன்னத்தில் வந்த கெட்டிக் கட்டி

பவுனம்மாளுக்கு அறுபத்து நாலு வயது. சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரைக் குப்பத்தில் வீடு. கரையை விட்டு உள்ளே தள்ளி, நெல் விளைகிற ஊர்களில் நாற்பது வருஷமாக மீன் விற்கிறாள். அவள் விரலை ஏமாற்றிய மீன் இன்னும் பிறக்கவில்லை. அமுக்கினால் குழி விழுந்தால் பழசு, கெட்டியாக நின்றால் புதுசு. செவுளைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டாள். வாயும் அதற்கேற்ற வாய்தான்.

அந்தக் கெட்டிக்காரத்தனமே வினையாகிப் போனது. தை மாசம் இடது கன்னத்தில் மிளகளவு ஒரு கட்டி, சிவப்பாக, பளபளவென்று. கட்டைவிரலால் அமுக்கினாள். கெட்டியாக நின்றது. வலியில்லை, சீழில்லை, நாற்றமில்லை. ஆகவே நல்ல கட்டியாம்! இது எந்த ஊர் நியாயமோ.

தேவகி விடவில்லை. இருபது வருஷமாக இவளிடம் பேரம் பேசி மீன் வாங்கும் விவசாய வீட்டுக்காரி.

“இன்னா பவுனு, கன்னத்துல இன்னா அது? வர வரப் பெருசாவுதே.”

“கெட்டுப்போனதுன்னா அமுங்கும் தேவகிம்மா, நாறும். இது கெட்டியாக் கீது. நீ மடவ மீன எடு.”

மாசியில் சொன்னாள், பங்குனியில் சொன்னாள். சித்திரையில் அது நெல்லிக்காய் அளவுக்கு வந்தபோது, மீன் கூடையை வாசலில் இறக்கவே விடவில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வா. அதுவரைக்கும் இந்தத் தெருவுல ஒருத்தியும் உங்கிட்ட மீன் வாங்க மாட்டா. சொல்லி வச்சிட்டேன்.”

வியாபாரத்தில் கை வைத்தால்தான் பவுனம்மாள் மசிவாள். மகன் முரளி சென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

சதையைக் கொஞ்சம் வெட்டிச் சோதித்தார்கள். மெர்க்கல் செல் புற்றுநோய், தோலில் அபூர்வமாக வருவது, வேகமாகப் பரவுவது என்றார் டாக்டர் ஜெபசெல்வி. பெரும்பாலும் ஒரு வைரஸின் வேலை என்றும் சொன்னார். புற்றுநோய்க்கு அசையாதவள் வைரஸ் என்றதும் வெலவெலத்துப் போனாள். கொரோனாவில் அவள் தெருவைத் தட்டி கட்டி அடைத்திருந்தார்கள்.

“அய்யய்யோ, எங்கையால மீன் வாங்கித் துன்னவங்க கதி?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகாதும்மா. அது பெரும்பாலானவங்க தோல்ல சின்ன வயசுலயே வந்துடுது. என் தோல்லயும் இருக்கும், சும்மா கிடக்கும். எங்கேயோ ஒருத்தருக்கு, வயசாகி, வெயில்ல தோல் அடிபட்டு, உள்ள பூந்து செல்லைக் கெடுத்துடுது. வலிக்காததால எல்லாரும் விட்டுடறாங்க.”

“நான் தையிலயே வந்திருந்தா?”

டாக்டர் மழுப்பவில்லை. “இப்ப கழுத்துக்கும் பரவிடுச்சு. அதுக்கு முன்னாடியே எடுத்திருக்கலாம்.”

பவுனம்மாளுக்குத் தன் விரல்மேலேயே ஆத்திரம் வந்தது. மகன் எதிரிலேயே அழுதாள்.

கன்னத்திலும் கழுத்திலும் அறுத்தார்கள். ஐந்து வாரம் கரண்டு வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு. இரண்டு மூன்று வருஷத்துக்குள் அது திரும்பி வரக்கூடும், சின்னதாக எது தட்டுப்பட்டாலும் அன்றைக்கே வரவேண்டும் என்று சொல்லி டாக்டர் அனுப்பினார். ஐப்பசியில் மறுபடி கூடையோடு வந்து நின்றாள்.

“பாதி மொகந்தான் சிரிக்குது பவுனு.”

“மீதி மொகத்துல வெல சொல்றேன், வாங்கு.”

தேவகிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அடுத்த மாசியில் ஒரு காலை. தேவகி வீட்டு வாசலில் கூடையை இறக்கிவிட்டுப் பவுனம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். தாடைக்குக் கீழே புளியங்கொட்டை மாதிரி ஏதோ உருண்டது. கை அங்கேயே நின்றது.

“தேவகிம்மா, நான் எளாவூர் ஸ்டேஷனுக்குப் போறேன். ஆஸ்பத்திரிக்குப் போவ ரயிலப் புடிக்கணும்.”

“கூடைல மீன் ரொம்பக் கீதேடி?”

“கெடக்கட்டும்.”

நாற்பது வருஷத்தில் ஒரு மீனைக்கூட விற்காமல் தானாகத் தெருவைத் தாண்டாதவள். ஓட்டமும் நடையுமாகப் போனாள். ரயிலில் அவள் சேலையின் மீன் வாடை தாங்காமல், பக்கத்திலிருந்த பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். “எப்ப தெரிஞ்சுது?”

“இன்னிக்குக் காலீல.”

“பரவாயில்லையே, உடனே வந்துட்டீங்களே.”

“மீனப் போட்டுட்டு வந்தேம்மா,” என்றாள் பவுனம்மாள்.