கிழியாத சட்டை

சிறுவயதில் நான் செய்த கெட்டிக்காரத்தனங்களில் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. அதை நினைத்துத்தான் வெட்கமும் படுகிறேன். வயது போய்விட்டது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் ஜெர்மனியில், கொலோன் நகரில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். அம்மாவின் தம்பியான மாமா ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை செய்தார். அவருடன் வேலை செய்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது, தான் வளர்த்த பாம்பைக் கண்ணாடித் தொட்டியோடு மாமாவின் தலையில் கட்டிவிட்டார். மாமா அதை எங்கள் தலையில் கட்ட வந்தார். செம்மஞ்சள் நிறத்தில், விரல் தடிப்பில் ஒரு சோளப் பாம்பு.

"தம்பி, உனக்கென்ன விசரே? வீட்டுக்குள்ள பாம்போ?"

"இது கடியாதக்கா. நஞ்சுமில்லை. நல்லபாம்பெண்டு நினைச்சுப் பயப்பிடாதை."

"அப்ப கெட்ட பாம்பையோ கொண்டந்தனி?"

அம்மா திட்டினாலும், வீடு தேடி வந்த பாம்பை விரட்ட அவருக்கு மனம் வரவில்லை. அதற்கு உணவான உறைந்த எலிக்குஞ்சுகளைத் தன் குளிர்ப்பெட்டியில் வைக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. எலிகள் மாமா வீட்டில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் மாமியும் அவற்றைக் கொண்டுவருவார்கள்.

மாமிக்குக் கலியாணமாகி வருடக்கணக்காகியும் பிள்ளையில்லை. எங்கள் ஆட்கள் கூடுகிற இடமெல்லாம் யாராவது ஒருவர் "இன்னும் ஒண்டுமில்லையோ?" என்று கேட்டுவிடுவார்கள். அதனால் அவர் எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் போவதை நிறுத்தியிருந்தார்.

பாம்பு முதல்முறை சட்டை கழற்றியபோது தோல் துண்டு துண்டாகக் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்துக்கொண்டே மாமா சொன்னார்: "ஊரில ஐயர் ஒருத்தர் சொன்னவர். கிழியாத பாம்புச் சட்டை ஒண்டு சாமியறையில இருந்தா நாகதோஷம் போகுமாம். ஒரு கீறலும் இருக்கக்கூடாதாம்."

மாமி என் பக்கம் திரும்பினார். "மருமோன், முழுசா எடுத்துத் தருவியோ?"

"ஓம் மாமி. தாறன்."

வீட்டில் என்னிடம் ஒருவர் எதையாவது நம்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பாம்பு வளர வளரத்தான் சட்டை கழற்றும் என்று பள்ளிக்கூட நூலகத்தில் படித்திருந்தேன். ஆகவே அதைச் சீக்கிரம் வளர்த்துவிட முடிவு செய்தேன். "பசியில கிடக்குது மாமா" என்று சொல்லிச் சொல்லி இரண்டு மடங்கு எலி வாங்கினேன். பாம்பு கொழுத்தது. அடிக்கடி கண்கள் பால் நீலமாகும், நிறம் மங்கும், பிறகு சட்டை கழலும். ஆனால் ஒவ்வொரு முறையும் கந்தலாகவே வந்தது. பொறுமை இழந்து நான் இழுத்துப் பார்த்த நாட்களும் உண்டு. ஞாயிறுதோறும் மாமி வாசலிலேயே கேட்பார், "என்ன, இந்த முறையும் கிழிஞ்சுதோ?" கிழிந்துவிட்டது என்றால், "பரவாயில்லை, அடுத்தமுறை பாப்பம்" என்று சிரித்துக்கொண்டு அம்மாவுக்கு வெங்காயம் உரிக்கப் போவார்.

குளிர்காலத்தில் பாம்பின் கண்கள் தெளியவே இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனேன். அம்மாவுக்கு ஜெர்மன் வராது. நான்தான் வாய். வைத்தியர் விளக்குக் கண்ணாடியால் பார்த்துவிட்டு, பழைய தோல் கண்ணின்மேல் அடுக்காக ஒட்டியிருக்கிறது, இப்படியே விட்டால் பார்வை போகும் என்றார். தொட்டி வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் இருப்பதால் காற்று காய்ந்து தோல் கிழிகிறது. கையால் இழுக்கவே கூடாது. ஈரப் பாசி நிரப்பிய ஒரு பெட்டியை உள்ளே வைத்தால் தானாகவே கழலும். அளவுக்கு மீறித் தீனி போடுவதால்தான் இத்தனை தரம் கழற்றுகிறது.

அம்மாவுக்கு நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன், இழுத்ததையும் தீனியையும் தவிர. "பிள்ளை நல்லாப் பாக்கிறார் எண்டு டொக்டர் சொல்லுறார்" என்று ஒரு வரியை நானே சேர்த்தும் விட்டேன். வீடு வந்து சேரும்வரை அம்மா என் கையை விடவில்லை.

அந்த ஞாயிறு, தொட்டி இடம் மாறியிருப்பதைக் கண்டதும் மாமா முகம் சுளித்தார்.

"ஈரம் கூடினா அதுக்குச் சளி பிடிக்குமடா. முந்தி இருந்த இடத்திலேயே வை."

"ஏலாது மாமா. டொக்டர் சொன்னவர்."

பெரியவர் ஒருவரை நான் வென்றது அன்றுதான்.

தீனியைக் குறைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாசியை நனைப்பேன். பாம்பின் கண்கள் மறுபடி நீலமாகி, தெளிந்து, சில நாள் கழிந்த ஒரு காலையில், பெட்டி வாசலிலிருந்து தொட்டியின் மறுகரைவரை சட்டை நீண்டு கிடந்தது. உட்புறம் வெளியே வந்த காலுறை போல, மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டு. தலைப்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தேன். கண்ணிருந்த இரண்டு இடங்களிலும் நீர்க்குமிழி போன்ற வில்லைகள். மூலையில் பாம்பு புதுக் கண்களால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்றுவரை நான் பெற்ற எந்தப் பட்டமும் எனக்கு அந்தக் காலையைத் தரவில்லை.

ஞாயிறன்று மாமி அதைத் தலையிலிருந்து வால்வரை விரலால் தடவித் தடவிக் கிழிசல் தேடினார். ஒன்றும் இல்லை. என் தலையில் கை வைத்து, "நீ நல்லா இருப்பாய்" என்றார். மாமா பல்கனிக்குப் போய்விட்டார். அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

மாமா தன் கடைசிக் காலத்தில்தான் என்னிடம் சொன்னார். அப்போது மாமி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளை பிறக்காததற்குக் காரணம் மாமாதான் என்று ஒரு வைத்தியர் முன்பே அவரிடம் தனியாகச் சொல்லியிருந்தாராம். மாமியிடம் சொல்ல அவருக்குத் தைரியமில்லை. அப்படி ஓர் ஐயர் ஊரில் இருந்ததே இல்லை. கிழிந்த சட்டை வந்துகொண்டிருக்கும்வரை பழி அந்தச் சட்டையோடு போகும் என்று நினைத்தாராம். நான் அவருக்குச் சமாதானமாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் கொடுத்த சட்டை மாமியின் சாமியறையில் ஒரு வருடம் இருந்தது; பிள்ளை வரவில்லை. அடுத்த கோடையில் ஒரு நாள் அவர் தனியாக வந்து அதைத் திருப்பித் தந்தார். ஒரு மடிப்புக்கூட விழாமல் வைத்திருந்தார்.

"சட்டையில ஒரு பிழையுமில்லை மருமோன். உன்னிலயும் இல்லை. நீ சரியாத்தான் செய்தனி."

எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே அதை இன்னொரு தரம் சொல்லும்படி மாமியிடம் கேட்டேன். மாமி சொன்னார்.