களத்தைப் பார்த்த வாசல்

1979 ஜனவரி 30, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து அடுப்படியில் வைத்தேன். சவரம் செய்து குளித்தேன். மனைவி எலுமிச்சம்பழச் சோற்றை இலையில் கட்டித் தாளில் சுற்றிக் கொடுத்தாள். வண்டியூரில் பஸ் ஏறி, நகருக்குள் மாறி, நாகமலை புதுக்கோட்டையில் இறங்கினேன். அங்கே வாடகை சைக்கிள் எடுத்து, சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு, மலைக்கு வடபுறம் உள்ள வயல்களை நோக்கி மிதித்தேன். அந்த மாதம் முழுக்க இதுதான் நடைமுறை.

அப்போது நான் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கட்டடப் படம் வரைந்து, வேலையையும் மேற்பார்த்து வந்தேன். அறுவடைக்கு வெளியூரிலிருந்து வரும் கூலிக் குடும்பங்கள் தங்க வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் அது. ராமநாதபுரம் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து தை மாதத்தில் அவர்கள் சட்டி பானையோடும் பிள்ளைகளோடும் வந்து இறங்குவார்கள். ஒரு மாதம் புளியமரத்தடியிலும் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் கிடப்பார்கள். பனி தலையில் இறங்கும். அறுப்பு முடிந்ததும் போய்விடுவார்கள். ஆண்டில் பெரும்பகுதி ஆளில்லாமல் இருக்கப்போகும் வீட்டுக்கு இரும்பும் சிமெண்டும் எதற்கு என்பது என் எண்ணம். வயல் மண்ணிலேயே அறுத்த சுடாத கல், கூரைக்குப் பனங்கை, நாட்டு ஓடு, கரையான் ஏறாமலிருக்க அடியில் மட்டும் கருங்கல். சிதைந்தால் உள்ளூர் ஆளே மண் குழைத்துப் பூசிவிடலாம்.

இடம் கொடுத்தவர் அந்த வயல்களுக்குச் சொந்தக்காரரான சம்சாரி. ஐந்து அறைகள், ஒரே வரிசை, நெற்களத்துக்கு மேற்கே. நான் வாசல்களை வடக்கே வைத்து வரைந்திருந்தேன். அவர் படத்தை வாங்கி நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

"வாசலக் கெழக்க வைங்கண்ணே. குடியிருக்கிறவுக நல்லா இருப்பாக. களமும் கண்ணுக்கு நேரா இருக்கும். ராத்திரி படுத்துக்கிட்டே நெல்லுக் குமியப் பாத்துக்கிருவாக."

கிழக்கு வாசல் என்றதும் யார் மறுப்பார்கள்? கொத்தனார் சரி என்றார். முந்தைய அறுப்புக்கு வந்திருந்த பெண்களைக் கேட்டபோது கையெடுத்துக் கும்பிட்டார்கள். வீட்டில் சொன்னேன். "மொதல்லயே அப்படித்தான வரைஞ்சிருக்கணும்" என்றாள் மனைவி. பின்சுவருக்கு அப்பால் சம்சாரியின் வாழைத்தோட்டம். அந்தப் பக்கம் ஜன்னல்கூட வேண்டாம் என்று அவர் சொல்ல, அதையும் விட்டுவிட்டோம். தை மாதத்தில் நெல் தூற்றும் காற்று கிழக்கிலிருந்துதான் வரும். அதுவும் எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் காற்றையும் வாசலையும் ஒருவரும் சேர்த்து நினைக்கவில்லை.

வீடு கட்டி முடித்தபின் வந்த முதல் அறுப்பு இது. அன்று நான் போய்ச் சேர்ந்தபோது களத்தில் தூற்றிக்கொண்டிருந்தார்கள். நெல் காலடியில் விழ, பதரும் சுணையும் காற்றோடு மேற்கே போய் ஐந்து வாசல்களிலும் நுழைந்தன.

மூன்றாவது அறை வாசலில் ஒரு இளம்பெண் பானைகளையும் சேலைகளையும் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு வயதுகூட ஆகாத பெண் குழந்தை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் அதன் விலா உள்ளே ஒட்டியது.

"நேத்துத் தூத்த ஆரம்பிச்சதுலருந்து பிள்ளைக்கு இழுக்குது சார். கதவச் சாத்துனா உள்ள புழுங்குது. தெறந்தா தூசி. சாயங்கால பஸ்ஸுக்கு ஊருக்குப் போறேன்."

"ஆஸ்பத்திரியில காட்டினியா?"

"காட்டுனோம். மருந்து குடுத்தாக. தூசியில வச்சிருந்தா மருந்து கேக்காதுன்னாக."

அந்தக் கூட்டத்தை அழைத்து வந்தவள் வயதில் மூத்தவள், இவளுக்கு அத்தை முறை. முறத்தோடு வந்து நின்றாள்.

"நீ போனா ஒம் புருசனும் பின்னாலயே வருவான். ரெண்டு அருவா கொறைஞ்சா யாருடி அறுக்கிறது?"

"பிள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா அருவாள வச்சு என்ன செய்ய, அத்தை?"

மூத்தவள் குழந்தையை வாங்கி முதுகைத் தடவினாள். இங்கே கூலியாகக் கிடைக்கும் நெல்தான் அவர்கள் வீட்டில் ஆடி மாதம் வரை சோறு. அதை விட்டுவிட்டுப் போக அந்தப் பெண் துணிந்திருந்தாள்.

நான் அறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்தேன். பாய், தண்ணீர்ப் பானை, சுவரோரம் எல்லாம் பொன்னிறமாகத் தூசி. மரத்தடியிலும் தூசி வரும். ஆனால் வந்த வழியே போய்விடும். இங்கே வந்த தூசிக்கு வெளியேற வழியில்லை.

சம்சாரியைத் தேடிப் போனேன். களத்தின் ஓரத்தில் சாக்குகளுக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார்.

"பின்செவுத்துல வாசல் தெறக்கணும். தூத்துற நேரம் முன்கதவச் சாத்திட்டு, இவங்க அந்தப் பக்கமாப் பொழங்கட்டும்."

"பின்னால நம்ம வாழையில்ல நிக்குது?"

"அது நிக்கிறதாலதான் கேக்குறேன். மேக்கு வெயிலு உள்ள வராது."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "அண்ணே, தாரு முத்தி நிக்கிற நேரம். அஞ்சு வாசலத் தெறந்துவிட்டுட்டு நான் எப்படித் தூங்குறது?"

களத்திலிருந்து மூத்தவள் குரல் கொடுத்தாள்.

"ஏன் மொதலாளி, நெல்லுக்கு நாங்க காவலு, வாழைக்கு நாங்க களவாணியா? ஒரே ராத்திரியில ரெண்டு வேசம் எங்களால கட்ட முடியாது. ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்க."

"வாழத்தாரத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல ஏறுனா கண்டக்டரு லக்கேஜு போடுவாரு ஆத்தா" என்றாள் இன்னொருத்தி. களமே சிரித்தது.

சம்சாரி அடக்கப் பார்த்தும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பாருங்கண்ணே வாய! இம்புட்டு வேகம் கையில இருந்தா நேத்தே அறுப்பு முடிஞ்சிருக்கும்."

அப்போது குழந்தை இருமியது. நீளமான இருமல். முடிந்ததும் அழக்கூட அதற்குத் தெம்பில்லை. சிரிப்பு நின்றது. சம்சாரி எழுந்துபோய், மூன்றாவது அறைக்குள் குனிந்து நுழைந்தார். கட்டி முடித்த பிறகு அவர் அந்த வரிசைக்குள் கால் வைத்ததை நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிந்துகொண்டு, அவரும் இருமியபடி வெளியே வந்தார்.

"சரி, ஒடைங்க. ஆனா இன்னைக்கு வேணாம். செவ்வாக்கெழம செவுத்துல கடப்பாரை படக் கூடாது."

அந்தப் பெண் சாக்கின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"ஆத்தா, சொல்றதக் கேளு" என்றார் அவர், அவளைப் பார்த்து. "களத்துக்குக் கெழக்க நம்ம பம்புசெட்டு ரூம் இருக்கு. அங்க தூசி வராது. இன்னைக்கு ராத்திரி பிள்ளையோட அங்க படுத்துக்க. சாவி தாரேன். காலையில ஒன் ரூமத்தான் மொதல்ல ஒடைக்கிறோம்."

"விடிஞ்சதுமா?"

"விடிஞ்சதும்."

அவள் என் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். நான் தலையசைத்தேன். ஆனால் அவள் சாக்கை அவிழ்க்கவில்லை. கட்டியது கட்டியபடியே தலையில் வைத்துக்கொண்டு பம்புசெட்டு அறைக்கு நடந்தாள்.

மதியம் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவது அறையின் பின்சுவரை அளந்தேன். பனங்கை வந்து உட்காரும் இடத்தை விட்டு, கதவுக்கு வேண்டிய அளவு சுண்ணாம்புக் கோடு போட்டேன். சம்சாரி தன் வீட்டிலிருந்த பழைய கதவொன்றைத் தருவதாகச் சொன்னார். கோட்டுக்குள் மட்டும் தண்ணீர் தெளித்து ஊறவிட்டேன். சுட்ட செங்கல்லாக இருந்தால் இது இவ்வளவு எளிதில் நடக்காது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "கெழக்கு வாசல அடைக்கப் போறீங்களா?" என்று பதறினாள். அது இருக்கும், இன்னொன்று வைக்கிறோம் என்ற பிறகுதான் சோறு போட்டாள்.

மறுநாள் சவரம் செய்யாமலே முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நான் போனபோது சம்சாரி கடப்பாரையோடு நின்றிருந்தார். அந்தப் பெண் பம்புசெட்டுப் பக்கமிருந்து வந்தாள். தலையில் அதே சாக்கு, தோளில் தூங்கும் குழந்தை. இழுப்பு தணிந்திருந்தது, நிற்கவில்லை. களத்தில் இன்னும் தூற்றத் தொடங்கவில்லை. கடப்பாரையை வாங்கி, சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஊறியிருந்த கல்லின் இடுக்கில் குத்தினேன். மூன்றாவது குத்தில் கல் நழுவி வாழைப் பக்கம் விழுந்தது. ஓட்டையில் பச்சையாக வெளிச்சம் வந்தது. அவள் குனிந்து அதன் வழியே பார்த்தாள். பிறகு சாக்கை வாசலில் இறக்கி, முடிச்சை அவிழ்த்தாள்.