கடைசியாகக் குடிப்பவர்

பட்டாளத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது துவக்கு அல்ல, கால். வேறு யாருக்கோ அளவெடுத்துச் செய்து எனக்கு வந்து சேர்ந்த சப்பாத்துக்குள் வெந்து, கொப்புளித்து, கடைசியில் மரத்துப்போன கால். இந்த நடுவயதிலும் மழைக்கு முன்னால் அது எனக்குச் செய்தி சொல்கிறது. போர் ஒன்றையும் நான் காணவில்லை. நடந்தேன், நின்றேன், காத்திருந்தேன். மறுபடி நடந்தேன்.

எங்கள் தீவின் பட்டாளம் முதலில் துரைமாரின் பொழுதுபோக்காக இருந்ததாம். மலைநாட்டுத் தோட்டத் துரைகளும் கொழும்புக் கனவான்களும் ஓய்வு நாட்களில் உடுப்பு மாட்டி, அரசரின் பிறந்தநாளுக்கு வெடி தீர்த்து, பின்னேரம் விருந்துக்குப் போவார்களாம். ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் தேவைப்பட்டார்கள். கிளாக்கர் சோதனையில் தவறியவன், சைக்கிள் கடையில் நின்றவன், வீட்டில் கோபித்துக்கொண்டு வந்தவன் எல்லோருக்கும் ஒரே காக்கி. நான் முதல் வகை.

மேலே வெள்ளைக்கார அதிகாரி. அவருக்குக் கீழே சார்ஜன்ட். அவருக்கும் கீழே, சட்டைக் கையில் இரண்டு பட்டி தைத்த கோப்ரல். அவர் பொறுப்பில் நாங்கள் ஒரு செக்சன், ஒரு கூடாரத்துக்குள் அடங்கிவிடும் சிறு கூட்டம். அதிகாரியைக் காணாமல் மாதக்கணக்கில் காலம் தள்ளலாம். கோப்ரல் சொல்லாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. நடையின்போது அவர் சொன்னால்தான் நிற்கலாம், அவர் சொன்னால்தான் போத்தலின் மூடியைத் திருகலாம். அதற்கு ஈடாக அவருக்கும் ஒரு கட்டு இருந்தது. சோறானாலும் தண்ணீரானாலும் தன் ஆட்கள் எல்லோரும் முடித்த பிறகுதான் அவர் தொடவேண்டும். அந்த முறையை யார் கொண்டுவந்தார்களோ தெரியாது. எங்கள் கோப்ரல் அதை விரதம் போலக் காத்தார்.

அவர் எங்கள் அடுத்த ஊர்க்காரர். அவருடைய தகப்பன் பனை ஏறிக் கள் இறக்குகிறவர், எங்கள் வளவுப் பனைகளிலும் ஏறியவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷால் மகனுக்குப் பட்டி கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஒருவனைக் கண்டால் முதல் கேள்வி, “நீ ஆற்றை மகன்?” யாருடைய மகன் என்று தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். முகாமில் அவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நாங்கள் அதைக் கதைத்ததில்லை.

பலாலியில் செம்மண்ணை மட்டமாக்கி விமானத்தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைக் காப்பது எங்கள் வேலை. வராத எதிரிக்காகக் காவல் நிற்பதில் அலுத்துப்போகாமல் இருக்க, எங்களை நடக்க விட்டார்கள். அன்றைக்கும் தொண்டைமானாறு வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். பங்குனி வெயில். போத்தல்கள் எப்போதோ வற்றிவிட்டன. நாக்கு வாய்க்குள் ஓலைத்துண்டு போலக் கிடந்தது.

“இந்த ஒழுங்கைக்குள்ளை எங்கடை ஐயாவின்ரை தோட்டம்,” என்றேன். “கிணறு நல்ல தண்ணி. உவர் இல்லை.”

கோப்ரல் என்னைத் திரும்பிப் பார்த்தார். “வேண்டாம். பலாலிக் காம்பிலை குடிக்கலாம்.”

“காம்புக்குப் போறது என்ட பிரேதம்தான்,” என்றான் எங்களோடிருந்த மட்டக்களப்பான். எதையும் பகிடியாக்கும் அவன் அப்போது பகிடியாகச் சொல்லவில்லை. அவனுக்குப் பின்னால் ஒருவன் தள்ளாடிக்கொண்டிருந்தான்.

கோப்ரல் அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்தார். பிறகு தோட்டத்துக்குப் போகும் அந்த ஒடுங்கிய ஒழுங்கையைப் பார்த்தார். “சரி. திரும்புங்கோ.”

என் தகப்பனான ஐயா புகையிலைக்குள் நின்றவர், எங்களைக் கண்டதும் சால்வையை அரையில் கட்டிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிவந்தார். துலாவை இழுத்து வாளியை நிரப்பி, நீட்டிய கைகளில் ஊற்றினார்.

“வாங்கோ பிள்ளையள், வடிவாய்க் குடியுங்கோ. ஜப்பான்காரன் வாறதெண்டால் மாரியிலை வரட்டுமே. ஏன் உந்த வெயிலுக்கை உங்களைப் போட்டு வதைக்கிறாங்கள்?”

“கடிதம் போட்டுக் கேப்பம் ஐயா,” என்றான் மட்டக்களப்பான், முகமெல்லாம் தண்ணீர்.

எல்லோரும் சிரித்தார்கள். குடித்தார்கள், போத்தல்களை நிரப்பினார்கள். கோப்ரல் வரம்புக்கு அப்பால், துவக்கை ஊன்றியபடி ஒதுங்கி நின்றார். ஐயா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“உவன் எங்கடை வளவிலை பனை ஏறினவன்ரை பொடியன் எல்லே?” என்றார் என்னிடம். குரலில் ஒரு திருப்தி. “பட்டாளத்துக்குப் போயும் முறையை மறக்கேல்லை. ஒதுங்கி நிக்கிறான், பாத்தியே.”

“ஐயா, அவர்தான் எங்களுக்குத் தலைவர். நாங்கள் எல்லாரும் குடிச்சாப் பிறகுதான் அவர் குடிக்கோணும். அதுக்குத்தான் நிக்கிறார்.”

துலாக்கொடியில் இருந்த ஐயாவின் கை அப்படியே நின்றது. ஐயா பொல்லாதவர் அல்லர். அயலில் ஒரு மாட்டுக்கு வருத்தம் என்றாலும் நித்திரை கொள்ளமாட்டார். கொஞ்சம் யோசித்தார். பிறகு பனை ஏறுகிறவர்களுக்கென்று வேலிக்கம்பில் கவிழ்த்திருந்த தேங்காய்ச் சிரட்டையை எடுத்து, கழுவி, நிறையத் தண்ணீர் ஊற்றினார். பிறந்ததிலிருந்து அந்தச் சிரட்டையை அந்தக் கம்பில் கண்டிருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன்.

“களைச்சுப் போனாய் மோனை. இந்தா, குடி,” என்றார். மெய்யான கரிசனையோடுதான் சொன்னார்.

மட்டக்களப்பான் வாயைத் துடைக்காமல் சிரட்டையைப் பார்த்தான், எங்கள் ஈரக் கைகளைப் பார்த்தான். அவன் ஊரிலும் சிரட்டைகள் உண்டு. கோப்ரல் அதை வாங்கிக் குடித்தால், நாளைக்கு அவர் “நில்” என்று சொல்ல யார் நிற்பார்கள்? தட்டிவிட்டால், அவருடைய தகப்பன் நாளைக்கு எந்த வளவில் ஏறுவது?

நான் துலாக்கொடியைப் பிடித்தேன். “விடுங்கோ ஐயா, நான் அள்ளி ஊத்திறன்.” ஐயாவின் பிடி தளரவில்லை. இரண்டு கைகள், ஒரு கொடி.

“நீர் வந்து வரிசையிலை நில்லும்,” என்றார் கோப்ரல்.

அது கட்டளை. நான் கையை எடுத்தேன்.

“வேண்டாம் ஐயா. எங்களுக்கு நேரம் போட்டுது,” என்றார் என் தகப்பனிடம், மரியாதையாக. பிறகு எங்களிடம் திரும்பி, வரிசையில் நிற்கச் சொல்லி, “போல் இன்!” என்றார். காய்ந்த தொண்டையில் அந்தச் சொல் நடுவில் பிளந்தது.

ஒரு மூச்சு நேரம் ஒருவரும் அசையவில்லை. பிறகு மட்டக்களப்பான் போய் முதல் ஆளாக நின்றான். மற்றவர்கள் அவனோடு சேர்ந்தார்கள். ஐயா நிறைந்த சிரட்டையோடு நின்றார். அந்தத் தண்ணீரைப் பிறகு புகையிலைக் கன்றுக்கு ஊற்றியிருப்பார். வீணாக்கமாட்டார்.

தெருவில் என் போத்தல் இடுப்பில் குலுங்கியது. அந்தச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை. எட்டி நடந்து அவர் பக்கத்தில் போனேன்.

“கோப்ரல், இதிலை குடியுங்கோ.”

அவர் திரும்பவில்லை. “நடையிலை போத்தில் திறக்கப்படாதெண்டு உமக்குத் தெரியாதே? மூடும். லெப்ட், ரைட்…”

அந்தக் குரல் பலாலி வரைக்கும் எங்களை இழுத்துக்கொண்டு போனது. கட்டைக் குரல், இடைக்கிடை காற்று மட்டுமே வந்த குரல். கால்கள் அதற்கு ஒன்றாக விழுந்தன. இல்லாவிட்டால் நாங்கள் ஒழுங்காக நடக்கிறவர்கள் அல்லர்.

முகாமில் குழாய் வைத்த தண்ணீர் வண்டில் நின்றது. கலைந்து போகச் சொன்னார். ஒருவரும் குழாயடிக்குப் போகவில்லை.

“இண்டைக்கு நீங்க முதல்ல குடிங்க, கோப்ரல்,” என்றான் மட்டக்களப்பான்.

“ஏன், இண்டைக்கு மட்டும் நான் ஆர்?” என்றார் அவர். கோபமில்லை, களைப்புத்தான். “முறையை மாத்தாதையுங்கோ. போய்க் குடியுங்கோ.”

எங்கள் வயிறுகளில் இன்னும் ஐயாவின் கிணறு ததும்பிக்கொண்டிருந்தது. என்றாலும் வரிசையில் போனோம். ஆளுக்கு ஒரு மிடறு, வாயை நனைத்ததும் நனைக்காததுமாய் அடுத்தவனுக்கு இடம் விட்டோம். பட்டாளத்தில் நாங்கள் செய்த ஒரே அவசரமான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாக அவர் வந்தார். தொப்பியைக் கழற்றினார். கோப்பையைத் தேடவில்லை, குனிந்து குழாயில் வாயை வைத்தார். தொண்டைக்குமிழ் ஏறி இறங்கியது. செம்மண் படிந்த கழுத்துப்பட்டியில் தண்ணீர் வழிந்து, அது கறுத்துக்கொண்டே போனது. கலைந்து போகச் சொன்னவர்தான். நாங்கள் போகாமல் நிற்பதை ஓரக்கண்ணால் கண்டும், திரும்ப ஒருமுறை சொல்லவில்லை.