மூன்று புள்ளி வைத்த சக்கரங்கள்

தெசிமிரின் டயர் பட்டறைக்கு நேர் எதிரே பதினேழு வருஷமாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். நடுவில் ஸாயெச்சார் நகரத்துக்குப் போகிற சாலை மட்டும்தான். பனி உருகி முடிகிற மார்ச் மாதத்தில் அந்தச் சாலையின் குழிகள் வாயைத் திறந்துகொள்ளும். நெளிந்த ரிம்மோடும் கிழிந்த டயரோடும் வண்டிகள் நொண்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிற்கும். காத்திருக்கிறவர்கள் என் கடைக்குள் வந்து உட்கார்ந்து, வந்ததற்கு ஒரு பொத்தானாவது தைத்துக்கொண்டு போவார்கள். அதனால் அவருடைய பட்டறையில் நடந்தது பாதி எனக்குக் கண்ணால் தெரியும், மீதி அவர் மனைவி ரூஷா என்னிடம் 'அக்கா, அக்கா' என்று வந்து சொல்லித் தெரியும்.

கேபிள் தொழிற்சாலையை மூடியபோது வேலை போனவர் தெசிமிர். கூடவே வேலை போனவன் ரதிவோய். இரண்டு பேரும் சேர்ந்துதான் பட்டறையைத் தொடங்கினார்கள். வாசல் பலகையில் தெசிமிர் பெயர் மட்டும் இருந்தது. "ரெண்டு பேரு எழுதினா பெயின்டருக்குக் காசு ஜாஸ்தி ஆகும்" என்று ரதிவோய் சிரித்தானாம். கல்யாணத்தில் மாப்பிள்ளை தலைக்கு மேல் கிரீடம் பிடித்து நிற்கிறவனை எங்கள் ஊரில் கூம் என்போம். கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கூமோடு போடக்கூடாது. ரதிவோய் தெசிமிருக்குக் கூம்.

கை வேலை எல்லாம் தெசிமிருடையது. வாய் வேலை ரதிவோயுடையது. புது டயர் வாங்கி வருவது, வாடிக்கையாளரைச் சிரிக்க வைப்பது, பழைய இரும்பை வேனில் ஏற்றி அடுத்த ஊர்க் கிடங்கில் போட்டுவிட்டு வருவது எல்லாம் அவன்.

தெசிமிர் ஒரு சக்கரத்தைக் கையில் எடுத்தால் முதலில் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டிக் காது கொடுப்பார். மணி மாதிரி ஒலித்தால் சரி. மொத்தையாக ஒலித்தால் ஒரு பக்கம் மண்ணெண்ணெய் தடவி, மறுபக்கம் சாக்பீஸ் தூள் தூவி வைப்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், கொஞ்ச நேரத்தில் தூளில் ஈரக்கோடு ஒன்று ஊறி வரும். நெளிவை அவர் எடுத்துக் கொடுப்பார். விரிசலைத் தொடமாட்டார்.

"சின்னக் கீறல்தானே மாஸ்டர், ஒரு வெல்டிங் பத்து வச்சு விடுங்களேன்" என்று கெஞ்சுவார்கள்.

"இந்த வண்டியில யார் போவாங்க?"

"நான், என் வீட்டுக்காரி, குழந்தைங்க..."

"அப்ப வைக்கமாட்டேன்."

அப்படிக் கழித்த சக்கரத்தின் உள்பக்கத்தில், போல்ட் துளைக்குப் பக்கத்தில், உளியால் மூன்று புள்ளி குத்துவார். தவறிப்போய்க்கூட அது மறுபடி யார் வண்டியிலும் ஏறிவிடக்கூடாது என்று. பிறகு பின்கட்டில் குவியலில் எறிவார். மாதத்துக்கு ஒரு தடவை ரதிவோய் அதை அள்ளிக்கொண்டு போவான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தெசிமிரும் ரூஷாவும் ரதிவோய் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். அவன் மனைவி ராதா சேமியா போட்ட கோழி சூப் வைப்பாள், பன்றிக்கறி வறுப்பாள். ரதிவோய் மட்டும் எப்போதும் தாமதமாக வருவான். "எவனோ வழியில பஞ்சராகி நிக்கிறானாம், நீங்க ஆரம்பிங்க" என்று போன் வரும். "பாவம், ஞாயித்துக்கிழமைகூட ஓடுறான்" என்று தெசிமிர் அவனுக்காக இறைச்சியில் நல்ல துண்டாக எடுத்து மூடி வைப்பார்.

ஒரு நவம்பரில் நர்ஸ் ஒலிவெராவின் வண்டி ஆற்றுப் பாலத்துக்கு முந்தைய வளைவில் சாலையை விட்டு இறங்கி பிளம் தோப்புக்குள் உருண்டது. ஒலிவெரா மலைக்கிராமங்களில் வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடக்கிற கிழவர்களுக்குக் கட்டுப்போட்டு ஊசி போடுகிறவள். தொடை எலும்பு மூன்று இடத்தில் முறிந்தது. ஐஸில் வழுக்கியிருக்கும் என்றுதான் எல்லோரும் பேசினோம். ஆனால் அன்றைக்குச் சாலை காய்ந்து கிடந்தது.

போக்குவரத்துப் போலீஸ்காரர் தெசிமிரைத் தேடி வந்தார். "முன்சக்கரம் ரெண்டா உடைஞ்சு கிடக்கு மாஸ்டர். குழியில விழுந்து உடைஞ்சதா, முன்னாடியே உடைஞ்சிருந்ததா, நீங்க பார்த்துச் சொல்லுங்க."

தெசிமிர் போய்ப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் புதுசு போலப் பளபளப்பான அலாய் வீல். உடைந்த விளிம்பில் பழைய வெல்டிங் தழும்பு தெரிந்தது. அவருக்கு என்ன தோன்றியதோ, உள்பக்கத்தில் போல்ட் துளைக்குப் பக்கத்தில் நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் உரிந்தது. அதற்கடியில் புட்டி உதிர்ந்தது. ஒரு புள்ளி தெரிந்தது. இன்னும் சுரண்டினார். மூன்று.

கிடங்கிலிருந்து எவனோ திருடி விற்றிருக்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தாராம். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒலிவெரா கட்டித் தூக்கிவிட்ட காலோடு படுத்திருந்தாள்.

"ஒலிவெரா, இந்த வீல் எங்க வாங்கின?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "என்ன மாஸ்டர் இப்படிக் கேக்குறீங்க? உங்க பட்டறையிலதான். ரதிவோய் குடுத்தாரு. 'தெசிமிர் கை பட்ட வீலு, கண்ணை மூடிட்டு ஓட்டு'ன்னாரு."

தெசிமிருடைய கோட்டுக்குப் புது உள்துணி வைத்திருந்தேன். அதைக் கொடுக்க அன்று மதியம் சாலையைத் தாண்டிப் பட்டறைக்குள் போனபோது அவரும் ரதிவோயும் டயர் மாற்றும் மெஷினுக்கு இருபுறமும் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்தும் யாரும் பேச்சை நிறுத்தவில்லை.

"ஒலிவெராவுக்கு வீல் வித்தது நீயா?"

"எந்த ஒலிவெரா?"

"உங்கம்மா புண்ணு புழுத்துக் கிடந்தப்ப தினம் மலையேறி வந்து கழுவினாளே, அந்த ஒலிவெரா."

ரதிவோய் கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான். "வெல்டிங் நல்லாத்தான்டா பிடிச்சிருந்துச்சு. அவ எங்கயோ பெரிய குழியில விட்டிருப்பா."

"எத்தனை வித்த?"

"ஞாபகம் இல்ல."

"நான் புள்ளி வச்சதை எல்லாமா?"

"நீ புள்ளி வச்சதுல பாதி நல்ல வீலுடா! உனக்கு எதைப் பார்த்தாலும் பயம். உன் பயத்தை எல்லாம் இரும்பு விலைக்குத் தூக்கிப் போடச் சொல்றியா?" என்று கத்தியவன், சட்டென்று குரலை இறக்கினான். "கூமே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தப் புள்ளி உன்னுதுன்னு போலீஸ்ல சொல்லாத. எவன் வச்சதோ தெரியாதுன்னு சொல்லு, போதும். உன் தலைக்கு மேல கிரீடம் பிடிச்ச கை இது."

"அந்தக் கையாலதான் புட்டி பூசினியா?"

அதற்கப்புறம் தெசிமிர் என் கையிலிருந்த கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

எப்போது செய்தான், எங்கே செய்தான் என்று வீட்டில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ரூஷாதான் சொன்னாளாம்: "ஞாயித்துக்கிழமைங்க." பட்டறையின் கம்ப்ரசர், பட்டறையின் பெயிண்ட் துப்பாக்கி, காலியான பட்டறை. திங்கட்கிழமை காலையில் பெயிண்ட் நாற்றம் அடிக்கிறதே என்று ஒரு தடவை தெசிமிர் கேட்டதற்கு, அக்கா வீட்டு கேட்டுக்குப் பூசினேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். அதைக்கூட இவர் "அக்கா மேல எவ்வளவு பாசம் பாரு" என்று ரூஷாவிடம் வந்து மெச்சியிருக்கிறார்.

ஸ்டேஷனில் ரதிவோய் வேறு கதை சொன்னான். எல்லாம் தெசிமிருக்குத் தெரியும், சக்கரத்தைப் பொறுக்கிக் கொடுத்ததே அவர்தான், தான் வெறும் விற்பனைக்காரன் என்றான். பலகையில் இருக்கிற பெயரைக் காட்டினான்.

ஊர் அதைத்தான் நம்பியது. தெரிந்த முகங்கள் எல்லாம் பட்டறையைத் தாண்டி ஸாயெச்சார் வரைக்கும் போய்ப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒரு காலையில் பலகை இரண்டாக உடைந்து கிடந்தது. தெசிமிர் அதை அள்ளி உள்ளே போட்டுவிட்டு, ஒட்டுப்பலகை ஒன்றில் கரியால் எழுதி வாசலில் சாத்தினார்: 'இங்கே வாங்கிய பழைய சக்கரம் எதுவானாலும் கொண்டு வாருங்கள். கழற்றிப் பார்க்கிறேன். கெட்டதென்றால் வேறு போட்டுத் தருகிறேன்.'

வந்தவர்கள் சும்மா வரவில்லை.

"இப்பப் பாக்குறியே, அப்பக் கண்ணு எங்க போச்சு?" என்று கேட்டார் கோழிப்பண்ணைக்காரர்.

"அவனை நம்பி மூடிக்கிட்டு இருந்துச்சு" என்றார் தெசிமிர். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கிக்கொண்டே இருந்தார்.

கோழிப்பண்ணை வேனில் இரண்டு அகப்பட்டன. பாதிரியார் வண்டியில் ஒன்று. மார்ச்சுக்குள் இருபத்தாறு சக்கரம் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் அறுக்கிற மெஷினால் நான்கு துண்டாக வெட்டினார். கடைசியாக வந்தவள் ரதிவோயின் அண்ணன் மகள். அவள் வண்டியில் நான்குமே புள்ளி வைத்தவை. கைக்குழந்தையைப் பின்சீட்டில் கட்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா எனக்கு நல்லதாத்தான் குடுத்திருப்பாருன்னு நினைச்சேன். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள். தெசிமிர் சுரண்டிக் காட்டக் காட்ட, குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு நான்காவதைப் பார்க்காமலே என் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒலிவெராவுக்குத் தொடையில் கம்பி வைத்தார்கள். கோலூன்றி நடக்கலாம், வண்டி ஓட்ட முடியாது. அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் தெசிமிர் தன் வண்டியைக் கொண்டுபோய் அவள் வாசலில் நிறுத்தினார். "உங்க வண்டியில ஏற எனக்குப் பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். மறுநாளும் நிறுத்தினார். மூன்றாவது நாள் மழை. ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வாரத்தில் மூன்று நாள் காலையில் பட்டறையைச் சாத்திவிட்டு மலைக்கிராமங்களுக்கு அவளை அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். கோடையில் இரண்டு பேரும் முன்சீட்டில் தர்பூசணி தின்றபடி திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

வழக்கு அக்டோபரில் முடிந்தது. ரதிவோய் கோர்ட்டில் நின்று, தெசிமிரின் முகத்தைப் பார்த்தே, "இவர் சொல்லித்தான் செஞ்சேன்" என்றான். ஒலிவெராவும் அவன் அண்ணன் மகளும்தான் அதைப் பொய்யாக்கினார்கள். வாங்கியது ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் அவன் ஒருத்தன்தான் இருந்தான், 'தெசிமிருக்குத் தெரிய வேண்டாம், அவன் விலை ஏத்துவான்' என்று சிரித்துக்கொண்டே சொன்னான் என்றார்கள் இருவரும். தெசிமிர் விடுபட்டார். ரதிவோய்க்கு இரண்டு வருஷம் சிறை என்று தீர்ப்பாகி, அது நிறுத்தி வைக்கப்பட்டது. உள்ளே போகவில்லை. இந்தத் தொழில் மட்டும் செய்யக்கூடாது என்றார்கள்.

டிசம்பரில் தெசிமிர் வீட்டு ஸ்லாவா வந்தது. குலச்சாமியான நிக்கோலாஸ் புனிதரின் நாள். அன்றைக்கு யாரையும் அழைப்பதும் இல்லை, வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. இறைச்சி விலக்குகிற விரத நாள் என்பதால் மீனும் அவரைக்காயும். நானும் ஒலிவெராவும் இன்னும் நாலைந்து பேரும் மேஜையில் இருந்தோம். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்துகொண்டு பாட்டிலோடு ரதிவோய் வந்து நின்றான்.

ஒலிவெரா கோலைத் தேடினாள். தெசிமிர் எழுந்து, வருகிறவர்கள் முதலில் வாயில் போடவேண்டிய வேகவைத்த கோதுமைத் தட்டை எடுத்து அவன் முன் நீட்டினார். அவன் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டான். நாற்காலி போட்டார். மீன் வைத்தார், ஒயின் ஊற்றினார். மற்ற விருந்தாளிக்குச் செய்தது எதுவும் குறையவில்லை.

"மன்னிச்சிடு கூமே. கோர்ட்டுல வக்கீல் அப்படிச் சொல்லச் சொன்னான்" என்றான் ரதிவோய்.

தெசிமிர் ரொட்டியை அவன் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடு."

சாப்பிட்டு எழுந்தபோது வாசல் வரை கூடப் போனார். அங்கே நின்று, சத்தம் போடாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இன்னிக்கு நீ சாமிகிட்ட வந்த. நான் தடுக்க முடியாது. நாளைக்கு வந்தா எங்கிட்ட வர்றதா அர்த்தம். வராத."

ராதா உள்ளே வராமல் வெளியே வண்டியிலேயே இருந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு தட்டில் கோதுமை எடுத்துக்கொண்டு ரூஷா போனாள். அதற்கப்புறம் நடந்ததை மறுநாள் என் கடையில் உட்கார்ந்து சொன்னாள்.

"கண்ணாடியை இறக்கினா. அவளை ஒரு வார்த்தையும் கேக்கக்கூடாதுன்னுதான் போனேன். ஆனா வாய் கேக்கல. 'ராதா, உனக்குத் தெரியுமா?'ன்னேன். கரண்டியை வாயில வச்சுக்கிட்டு அழுதா. 'பெயிண்ட் அவரு சட்டையிலதானே இருக்கும் ரூஷா. துவைச்சது நான்தானே'ன்னா."

ராதா வீட்டில் சாப்பிட்ட பதிமூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை ரூஷா என் முன்னால் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணப் பார்த்தாள். பாதியில் விட்டுவிட்டாள். "சூப்புல இன்னும் கொஞ்சம் சேமியா போடட்டுமான்னு ராதா கேப்பா, அக்கா. பட்டறைப் பக்கம் எழுந்து போகவிடாம, தட்டு காலியாக விடாம."

"அவர்கிட்ட சொன்னியா?"

"காலையில சொன்னேன். மறைச்சு மறைச்சுத்தான் இவ்வளவும் ஆச்சு. என் பங்குக்கு நான் வேற மறைக்கணுமா?"

"என்ன சொன்னாரு?"

"காப்பி ஆறுற வரைக்கும் உக்காந்திருந்தாரு. அப்புறம், 'அவ சமையல் எனக்குப் பிடிச்சிருந்துச்சு'ன்னாரு. எழுந்து ஒலிவெராவைக் கூட்டிட்டுப் போக வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு."