லாஸ்ட் நேம் கிட்டுசாமி

என் அப்பா கி. செல்வராஜ், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். மலைமேல் போகும் உயரழுத்தக் கம்பிகளின் கீழே முப்பத்தொரு வருடம் நடந்தார். ஒரு கோபுரத்திலிருந்து கிளம்பும்போதே அடுத்த கோபுரத்தின் எண்ணைச் சட்டைப்பை நோட்டில் எழுதிவிடுவார். அங்கே போய்ச் சேர்ந்ததும் பக்கத்தில் நேரத்தைக் குறிப்பார். லைன் நடக்க இரண்டு பேர் போக வேண்டும் என்பது விதி. கூட வருகிறவர் ஓயாமல் பேசுவார் என்று அப்பா பெரும்பாலும் தனியாகவே போனார்.

அம்மா சாந்தாமணி இறந்த மறுவருடம், 1998இல், அவரை நியூ ஜெர்சியில் நான் இருக்கும் பார்சிப்பனிக்கு அழைத்து வந்தேன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் அப்பா படித்துப் பார்த்தார்.

"இதென்ன அம்மிணி, எங்கய்யன் பேரை எனக்கு வெச்சிருக்கறே?"

"இனிஷியலை விரிச்சு எழுதியிருக்கேனுங்கப்பா. லாஸ்ட் நேம் இல்லாம அங்க ஒண்ணும் நகராது."

"அவர் செத்து இருபது வருசமாச்சு. பொள்ளாச்சி சந்தையைத் தாண்டாத மனுசன். அவரை எழுப்பி அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போறே."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இங்கே ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைகளுக்குக் கூட்டிப் போனால் காரைவிட்டு இறங்கமாட்டார். வீட்டுக்கு வடக்கே, அரைமணி நேர டிரைவில், வரிசையாக ஐந்து குன்றுகள் உண்டு. எதுவும் ஆயிரத்து இருநூறு அடியைத் தாண்டாது. 99 அக்டோபரில் ஐந்தையும் ஏறி இறங்கி, ஆறு மணி நேரத்தில் மறுமுனை பார்க்கிங்கில் வந்து நின்றார். அடுத்து பனியில் ஒருமுறை போக வேண்டும் என்றார்.

2000, ஜனவரி 15, சனிக்கிழமை. மைனஸ் பத்து டிகிரி. ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியின் கணினிகளில் வருட எண்களைத் திருத்தும் Y2K வேலை எனக்கு. புத்தாண்டு கழிந்தும் சனிக்கிழமை வேலை நிற்கவில்லை. காலை ஏழரைக்கு அவரை மலையடிவாரத்தில் இறக்கிவிட்டேன்.

"ரெண்டு பேராத்தான் போகணும்னு உங்க வாரியத்துலயே ரூல் இருக்குதுங்களே அப்பா."

"நீ வர்றயா?"

"எனக்கு ஆபீஸ்."

"அப்பறம் என்ன ரூல் பேசறே? மூணு மணிக்கு அந்தப் பக்கம் வந்து நில்லு. லேட் பண்ணினா நான் பொள்ளாச்சிக்கே நடந்து போயிருவேன்."

அதற்குப் பிறகு நடந்தது அவர் நோட்டில் இருக்கிறது.

1 – 8.50. காற்று அதிகம்.

2 – 10.15. பாறைமேல் கண்ணாடி மாதிரி ஐஸ். உட்கார்ந்தபடியே இறங்கினேன்.

3 – 12.20. பனி முழங்கால் வரை. தண்ணீர் உறைந்துவிட்டது. திரும்பினாலும் இதே தூரம்தான்.

4 – 2.25. விரல் மரத்துவிட்டது.

5 –

ஐந்துக்கு எதிரே நேரம் இல்லை. நான்காவது குன்றிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்து வலது கணுக்கால் முறிந்தது. காற்றுக்கு ஒதுங்க, பாதையிலிருந்து அறுபது அடி ஊர்ந்துபோய் ஒரு பாறை விளிம்புக்குக் கீழே படுத்துக்கொண்டார்.

நான் மூன்று மணிக்கே வந்துவிட்டேன். நாலேகாலுக்கு 911க்குப் போன் செய்தேன். வனக் காவல் ரேஞ்சரும் கூட ஐந்து பேரும் வந்தார்கள். ரேஞ்சர் ஒரு ஃபாரத்தை வைத்துக்கொண்டு கேட்டார். வயது? அறுபத்தொன்று. லாஸ்ட் நேம்? கிட்டுசாமி. எழுத்து எழுத்தாகச் சொன்னேன். என்னுடையது? செல்வராஜ். மகள்தானே என்று மறுபடி கேட்டார். மகள்தான் என்றேன்.

என்னைக் காரிலேயே இருக்கச் சொன்னார்கள். காற்று காலடித் தடங்களை மூடியிருந்தது. இருட்டத் தொடங்கியபோது, வயதானவர் என்ற மரியாதையில், "மிஸ்டர் கிட்டுசாமி!" என்று சரிவு முழுக்கக் கூவிக்கொண்டே போனார்கள். கார் கண்ணாடியை இறக்கியபோது எனக்கும் கேட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்குக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பாறைக்கு அருகிலுள்ள பாதையில் இரவில் இரண்டு முறை போயிருக்கிறார்கள்.

ஞாயிறு மாலை மருத்துவமனையில் அவருக்கு நினைவு தெளிந்தது.

"எங்கய்யனைக் கூப்பிட்டாங்க அம்மிணி."

"எப்பங்கப்பா?"

"பொழுது எறங்கறப்ப. நல்லாக் கேட்டுது. சரி, நேரம் வந்திருச்சு, அய்யனும் பக்கத்துல எங்கியோதான் இருக்கறாருன்னு பேசாமப் படுத்துட்டேன்." சிறிது நேரம் மூச்சு வாங்கினார். "மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டானுக. ஊர்ல ஒருத்தன்கூட அவருக்கு அந்த மரியாதை குடுத்ததில்ல."

"அது ரேஞ்சருங்கப்பா. உங்களைத்தான் தேடினாங்க."

கூரையைப் பார்த்தபடி யோசித்தார்.

"அப்பறம் ஏன் எம்பேரைச் சொல்லல?"

செவ்வாய் விடியற்காலையில் அவர் இதயம் நின்றது. உடல் அதிக நேரம் குளிரில் கிடந்ததுதான் காரணம் என்றார் டாக்டர். எத்தனை மணி நேரம் முன்னால் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று கேட்டேன். அப்படிக் கணக்கிட முடியாது என்றார்.

புதன்கிழமை, தகனம் செய்து தரும் ஃப்யூனரல் ஹோமில், அப்பாவின் சாம்பலை வாங்கும் தேதிக்காக உட்கார்ந்திருந்தேன். வேறு இரண்டு குடும்பங்களும் காத்திருந்தன. உள்ளேயிருந்து ஒருவர் வந்து, தாளைப் பார்த்து, "மிஸ் கிட்டுசாமி?" என்றார்.

யாரும் எழவில்லை. நானும் மற்றவர்களைப் பார்த்தேன்.

அவர் இன்னொரு முறை கூப்பிட்டார்.